ஒத்திகை இல்லாத மேடை

ஏரலுக்கு எதிர்க்கரையில், தாமிரபரணியைத் தாண்டியதும் வருகிற சிற்றூர்களில் ஒன்றில் கடந்த பங்குனியில் கொடைக் கமிட்டி கூடியது. அழைப்பிதழின் வாசகங்களைத் திருத்திக் கொடுப்பதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். தமிழ் வாத்தியாரால் ஊருக்கு ஆகிற பயன் பெரும்பாலும் இவ்வளவுதான் என்பதால் மறுக்காமல் போனேன். பழைய அழைப்பிதழை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்து வந்தபோது, 'இரவு 10 மணிக்கு வள்ளி திருமணம் நாடகம்' என்ற வரியில் பேனா நின்றது.

"சார்வாள், அந்த வரிய எடுத்துருங்க. இந்த வருசம் பாட்டுக் கச்சேரிதான்" என்றார் பொருளாளர்.

திண்ணையில் சாய்ந்திருந்த பெரியவர் நிமிர்ந்தார். "எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேருந்து நடக்குத நாடகம்லா? அதை எப்படிடே நிறுத்துவ?"

"பெரியப்பா, கோவப்படாதிய. நாடகத்துக்கு முன்னால விடிய விடிய உக்காந்து பாக்கது யாரு? நீங்க எட்டுப் பேரு, உங்களோட நாலு நாயி" என்றான் கமிட்டியில் இளையவனாக இருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், பெரியவர் உட்பட. பிறகு அவன் என் பக்கம் திரும்பி, "நீங்களே சொல்லுங்க சார். பாடுதது யாரு, எதுக்குப் பாடுதாங்கன்னு எங்களுக்கு ஒண்ணுமே வெளங்கல. வெளங்காததை எப்படி சார் பாக்கது?" என்று கேட்டான்.

அவன் என்னிடம் படித்தவன். பகுதி ஒன்று தமிழில் 'நாடகத் தமிழ்' என்ற பாடத்தை நடத்தியபோது முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன். சங்கரதாஸ் சுவாமிகள் குறித்துச் சிறுகுறிப்பு வரைக என்ற வினாவுக்கு நல்ல மதிப்பெண் பெற்றிருப்பான் என்றே நினைக்கிறேன். அவன் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. இக்கட்டுரையை அந்த மறுமொழியாக எடுத்துக்கொள்ளலாம்.

*

ஐரோப்பியர் ஓப்ரா என்று சொல்வதற்குத் தமிழில் மிக நெருங்கிய வடிவம் எது என்று கேட்டால், தயக்கமின்றி இசை நாடகத்தைச் சொல்லலாம். கதையைப் பாட்டே நடத்திச் செல்கிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பாட்டிலேயே வாதிடுகின்றன. நடிப்பைவிடக் குரலுக்கே முதல் மதிப்பு. ராஜபார்ட்டின் உச்ச ஸ்தாயிக்காகக் காத்திருக்கும் கூட்டம், ஒரு பாட்டு பிடித்துவிட்டால் மறுமுறையும் பாடச் சொல்லும் உரிமையை எடுத்துக்கொள்கிறது. இந்த வடிவத்துக்கு இன்று மேடையில் வழங்குகிற உருவைக் கொடுத்தவர் நம் மாவட்டத்துக்காரர். சங்கரதாஸ் சுவாமிகள் 1867ஆம் ஆண்டு தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தார். இளமையில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கெழுதினார். இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்குள் வந்து, நடிகராகவும் ஆசிரியராகவும் முப்பதாண்டுகள் உழைத்து, 1922 நவம்பரில் புதுச்சேரியில் மறைந்தார். அவர் சமாதி அங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. சிலை மதுரையில் இருக்கிறது. பிறந்த மண்ணில் அவருக்கு மிஞ்சியது பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி மட்டுமே என்று சொன்னால், அது மிகையாகாது.

அவர் எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடமிட்டபோது பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்றும், அவ்வாறு ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு நேர்ந்த தீங்கைக் கேட்டபிறகே வேடமிடுவதை அவர் விட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அது எவ்வளவு உண்மையோ, அதைவிடப் பெரிய உண்மை அவர் எழுத்தில் இருக்கிறது. அவருக்கு முன் நாடக ஆசிரியர்கள் பெரும்பாலும் பாட்டை மட்டும் கட்டிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட பேச்சு நடிகரின் வாய்க்கு விடப்பட்டிருந்தது. சுவாமிகள் வெண்பா, விருத்தம், சந்தம், சிந்து, கீர்த்தனை, தெம்மாங்கு என்று யாப்பின் எல்லா வகைகளையும் மேடைக்கு இழுத்துவந்ததோடு வசனத்தையும் எழுதி வரம்பு கட்டினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ஜுனா என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் சொல்லப்படுகின்றன. கிறித்தவக் கதையான ஞானசௌந்தரியும் அவற்றுள் ஒன்று. நமக்குக் கிடைத்திருப்பவை பாதிக்கும் குறைவு.

1918இல் மதுரையில் அவர் தலைமையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அமைந்தது. ஆறு வயதுச் சிறுவனாக அதில் சேர்ந்த தி. க. சண்முகம் பின்னாளில் 'எனது நாடக வாழ்க்கை' என்ற நூலில் அந்த உலகத்தை எழுதிவைத்தார். அந்நூலைப் படித்தவர்களுக்குக் 'கம்பெனி' என்ற சொல்லின் பொருள் விளங்கும். கம்பெனி ஓர் ஊருக்கு வந்தால் ஓரிரவு ஆடிவிட்டுப் போகாது. கொட்டகை போட்டு, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கும். ஒரு நாடகத்துக்குக் கூட்டம் குறைந்ததும் அடுத்த நாடகத்தை எடுக்கும். சிறுவர்களுக்கு விடியற்காலையில் பாட்டுப் பாடம், பகலில் ஒத்திகை, இரவில் ஆட்டம். அந்தச் சிறுவர்களின் வாழ்வு கடுமையானது. அடியும் பசியும் பிரிவும் நிறைந்தது. அதை நான் பொன்னுலகமாகக் காட்ட விரும்பவில்லை. ஆனால் ஓர் ஊர் ஒரு பருவம் முழுக்க ஒரே குழுவின் பத்து நாடகங்களைப் பார்க்கும் வாய்ப்பு அதில் இருந்தது. அரிச்சந்திரனாக நேற்று அழவைத்தவன் இன்று கோவலனாக வரும்போது அவனைத் தெரிந்துகொண்டு பார்க்கும் ரசிகர்கள் அங்கே உருவானார்கள்.

*

சினிமா பேசத் தொடங்கியதும் கம்பெனிகளின் நடிகர்களும் கொட்டகைகளும் அதன் பக்கம் போயின. ஆனால் இசை நாடகம் அழியவில்லை. அதற்கு முன்பே தோன்றியிருந்த 'ஸ்பெஷல் நாடகம்' என்ற ஏற்பாடு அதைக் காத்தது. புகழ்பெற்ற நடிகர்களை ஓரிரவுக்கென்று தனித்தனியே ஒப்பந்தம் செய்து ஒரே மேடையில் ஏற்றுவதுதான் ஸ்பெஷல். எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் கொழும்பில் முதன்முதலாகச் சேர்ந்து நடித்ததும், பிறகு தமிழகமெங்கும் கூட்டத்தைக் கட்டியிழுத்ததும் இந்த ஏற்பாட்டின் உச்சம். தியாகி விசுவநாத தாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் முருகனாக மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் உயிர்விட்டதும் வள்ளி திருமணத்தில்தான். மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காக அவரோடு நடிக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். தேசியப் பாட்டுகளைப் பாடியதற்காக அவரைச் சிறைக்கு அனுப்பியவர்களும் இருந்தார்கள். இருந்தும் கடைசி மூச்சு வரை அந்த மேடையை அவர் விடவில்லை.

இன்று கோயில் விழாக்களில் நடப்பது இந்த ஸ்பெஷல் நாடகமே. இதன் இயக்கத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து. நாரதர், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஏஜெண்டு மூலமோ சங்கத்தின் மூலமோ தேதி கொடுத்து வருகிறவர்கள். பின்பாட்டுக்காரர் என்று மதிப்போடு அழைக்கப்படுகிற ஆர்மோனியக்காரர், மிருதங்கம், ஆல்ரவுண்டு, தாளம் ஆகியோரும் அவ்வாறே. பல இரவுகளில் வள்ளியும் முருகனும் ஒருவரையொருவர் அன்றுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பத்து மணிக்கு பபூன் மேடையேறினால் விடியும்போது மங்களம். வேலனும் வள்ளியும் தர்க்கம் செய்கிற பகுதி மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். அவர் ஒரு கேள்வியைப் பாட்டில் போட, இவர் பாட்டிலேயே மடக்க, பின்பாட்டுக்காரர் சுருதியோடு துணைநிற்க, முன்னேற்பாடு ஏதுமின்றி அது கட்டப்படுவதை நல்ல இரவொன்றில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

முன்பின் பாராத பத்துப் பேர் ஒத்திகையில்லாமல் எட்டு மணி நேர நாடகத்தை எப்படி நடத்த முடிகிறது? எல்லோருக்கும் ஒரே பனுவல் பாடம் என்பதால்தான். சுவாமிகளின் வள்ளி திருமணத்தை மதுரைக்காரரும் புதுக்கோட்டைக்காரரும் கரிசல்காட்டுக்காரரும் ஒரே வரிசையில், ஏறத்தாழ ஒரே மெட்டில் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். மேலைநாட்டு ஓப்ராப் பாடகர்கள் நிலையான பாத்திரங்களைப் பாடம் செய்துகொண்டு ஊர் ஊராகச் சென்று பாடுவதும் இதே அடிப்படையில்தான். ஸ்பெஷல் நாடகக்காரர்களின் மூலதனம் காட்சித் திரையோ ஆடையோ அன்று, அந்தப் பனுவலே. என் வாதத்தின் மையமும் இதுவே. ஆகவே இதை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

*

இந்தக் கலைக்கு ஒரு பருவம் உண்டு. தையில் மெல்லத் தொடங்கும். பங்குனி, சித்திரை, வைகாசியில் உச்சம். எங்கள் பக்கத்தில் ஆடியிலும் கொடைகள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் வேலையில்லை. ஆண்டு முழுவதற்குமான சோற்றை அந்தச் சில மாதங்களின் இரவுகளில்தான் சம்பாதித்தாக வேண்டும். அதிலும் எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் கொடைகள் பெரும்பாலும் செவ்வாய், வெள்ளிகளில் வருகின்றன. பத்து ஊர் ஒரே இரவில் நடிகர்களைத் தேடும். மற்ற ஐந்து இரவுகள் அவர்கள் வீட்டில் இருப்பார்கள். வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கொடையின் சடங்கோடு பிணைந்தவை. அவற்றை எளிதில் எடுத்துவிட முடியாது. நாடகத்துக்கு அந்தக் காப்பு இல்லை. சாமக்கொடைக்கு முன்னும் பின்னும் ஊரை விழித்திருக்கச் செய்வது அதன் வேலை. அந்த வேலையை வேறொன்று செய்யும் என்றால் நாடகம் வேண்டியதில்லை.

அடிகளும் பருவம் பார்த்தே விழுந்தன. 2020 மார்ச் 24 அன்று ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பங்குனி நடந்துகொண்டிருந்தது. ஆண்டு முழுவதற்குமான வருவாய் அந்த ஒரு பருவத்தோடு போயிற்று. 2021இல் இரண்டாம் அலையும் சித்திரை, வைகாசியிலேயே வந்தது. ஆண்டு முழுவதும் பரவலாக வேலை கிடைக்கும் தொழிலுக்கு மூன்று மாத முடக்கம் பெரிய துன்பம்; பருவத்தொழிலுக்கு அது இரண்டு முழு ஆண்டுகளின் பட்டினி. பிறகு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தாமிரபரணி கரை மீறியபோது ஏரலின் கடைத்தெருவுக்குள் ஆறு வந்தது. கடைக்காரர்கள் சரக்கையெல்லாம் சேற்றிலிருந்து பொறுக்கினார்கள். விழாக்களுக்கு வரியும் நன்கொடையும் அந்தக் கடைத்தெருவிலிருந்தும் அக்கரை வாழைத்தோட்டங்களிலிருந்தும்தான் வர வேண்டும். அடுத்த ஆண்டு நன்கொடைப் பட்டியல் சுருங்கியபோது கமிட்டிகள் முதலில் எதை வெட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இவற்றோடு சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்குப் பதினைந்து நாட்களுக்கு மிகாமல், நள்ளிரவு பன்னிரண்டு வரை மாநில அரசு தளர்த்தலாம். இந்தச் சட்டத்தை நான் குறைசொல்ல மாட்டேன். நோயாளிக்கும் தேர்வெழுதும் பிள்ளைக்கும் உறங்க உரிமை உண்டு. ஆனால் பத்து மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிவதையே இலக்கணமாகக் கொண்ட ஒரு கலைக்கு, பத்து முதல் ஆறு வரை வாய் திறக்காதே என்று சொல்வதன் பொருள் என்ன என்பதை யாரும் உட்கார்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. காவல் நிலையத்தில் அனுமதி கேட்கும் கமிட்டிக்காரருக்கு வள்ளி திருமணமும் ஆடல்பாடலும் ஒரே விண்ணப்பம்தான்.

*

இவ்வளவும் உண்மை. எனினும் நாடகம் தேய்வதற்கு இவற்றையே காரணமாகச் சொல்லி முடித்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை. கொரோனா கச்சேரிக்காரர்களையும்தான் முடக்கியது. வெள்ளம் எல்லோர் வீட்டுக்குள்ளும்தான் வந்தது. அவர்கள் மீண்டார்கள், நாடகம் ஏன் மீளத் தடுமாறுகிறது?

'காலம் மாறிவிட்டது, ரசனை மாறிவிட்டது' என்பது வழக்கமான விடை. அதை நான் நம்பவில்லை. என் மாணவன் தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லவில்லை; விளங்கவில்லை என்றுதான் சொன்னான். ஏன் விளங்கவில்லை? பனுவல் உதிர்ந்துகொண்டிருப்பதால். கூட்டம் கலையத் தொடங்கும்போது நடிகர் சினிமாப் பாட்டுக்குத் தாவுகிறார். கைதட்டல் கிடைக்கிறது. அடுத்த இரவு இரண்டு பாட்டு. பாடம் ஓதிய மூத்தவர்கள் மறைய, புதிதாக வருகிறவர்கள் மேடையில் கேட்டதை மட்டுமே கற்கிறார்கள். அவர்களிடம் நல்ல பதிப்பு இல்லை. பாட்டுப்புத்தகங்கள் பிழை மலிந்தவை. மெட்டு குறிக்கப்பட்டிருந்தாலும் அந்த மெட்டைப் பாடிக்காட்ட ஆளில்லை. எல்லோருக்கும் பொதுவாக இருந்த பாடம் அவரவர்க்கு ஒரு பாடமாகப் பிரிந்தபிறகு, ஒத்திகையில்லாமல் சேர்ந்து நடிப்பது எப்படி? வள்ளி ஒரு பாட்டை எடுக்கிறார், முருகனுக்கு அதன் மறுபாட்டு தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தெரிந்த சினிமாப் பாட்டுக்குப் போகிறார்கள். அதைக் கச்சேரிக்காரன் இன்னும் நன்றாகப் பாடுவான் என்று கமிட்டி நினைப்பதில் என்ன தவறு?

பபூனின் இரட்டைப்பொருள் பேச்சும் நடனக் காட்சியும் குடும்பத்தோடு பார்க்கும்படி இல்லை என்ற குற்றச்சாட்டும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சுவாமிகள் வசனம் எழுதி வரம்பு கட்டியதே அதற்காகத்தான். ஆனால் அந்தக் குற்றச்சாட்டைச் சொல்லுகிற வாயே, அந்த மேடையில் நிற்கிற பெண்ணுக்கு வாடகைக்கு வீடு தர மறுப்பதையும் பார்க்கிறோம். வள்ளியாக நிற்கும்போது சூடம் காட்டிக் கும்பிடுகிறோம். விடிந்தபின் அவள் பஸ் ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். தன் மகளை இத்தொழிலுக்குக் கொண்டுவர எந்தத் தாய் விரும்புவாள்? இதைக் கேட்காமல் கலை அழிகிறதே என்று புலம்புவது நேர்மையாகாது.

*

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்? கர்நாடகக் கடற்கரையில் யட்சகான மேளங்கள் பலவற்றைக் கோயில்களே நடத்துகின்றன. கார்த்திகையில் புறப்படும் குழு வைகாசி வரை ஊர் ஊராகச் சுற்றுகிறது. கடீல் கோயிலின் மேளங்களுக்கு, நேர்த்திக்கடனாக ஆட்டம் நடத்த விரும்புகிற குடும்பங்கள் பல ஆண்டுகள் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கின்றன. ஒரு பருவம் முழுக்க ஒரே குழு சேர்ந்து ஆடுகிறது என்பதுதான் அதில் முக்கியம். ஒலிபெருக்கி விதி அங்கும் வந்தது. அவர்களில் சிலர் ஆட்டத்தை மாலைக்கு முன்தள்ளிச் சுருக்கிப் பார்த்தார்கள். ஈழத்தில் வி. வி. வைரமுத்து காங்கேசன்துறையில் வசந்த கான சபையை நிறுவி, அரிச்சந்திர மயான காண்டத்தை அந்த மக்களின் மனத்தில் நிலைநிறுத்தினார். அதே ஈழத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கூத்தை மீட்டெடுத்தார். ஒரு பல்கலைக்கழகம் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று.

அரசின் பணத்தை மட்டும் நம்பலாகாது என்பதற்கும் சான்று இருக்கிறது. ஓப்ராவைப் பொதுப்பணத்தால் தாங்கிவந்த இங்கிலாந்தில், 2022 நவம்பரில் கலைக் கழகம் மானியத்தை வெட்டியபோது இங்கிலீஷ் நேஷனல் ஓப்ராவை லண்டனைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். கிளைண்ட்போர்ன் தன் வழக்கமான ஊர்ப்பயணத்தையே நிறுத்தியது. மேலிருந்து வரும் பணம் நின்றால் முதலில் இழப்பது வெளியூர் ரசிகர்தான். நம் நாடகத்தைத் தாங்குவதோ கடைக்காரரும் வாழைத்தோட்டக்காரரும் தலைக்கட்டு வரியாகக் கொடுக்கும் பணம். நூறாண்டுகளுக்கும் மேலாக அரசை எதிர்பாராமல் நின்றுவந்த கலை இது. அந்த வேர் இன்னும் அறவில்லை. அதை வெட்டிவிட்டுப் பிறகு மானியம் கேட்டு மனு எழுதுவதில் பொருளில்லை.

என்னளவில் மூன்று யோசனைகள் தோன்றுகின்றன. முதலாவது கமிட்டிகளுக்கு. கொடை செவ்வாயன்று நடக்கட்டும். நாடகத்தை மறுநாளுக்கு வையுங்கள். அக்கம்பக்கத்து மூன்று ஊர்கள் பேசிக்கொண்டு ஒரே செட்டை அடுத்தடுத்த மூன்று இரவுகளுக்கு அழையுங்கள். ஓர் ஊரில் வள்ளி திருமணம், அடுத்ததில் பவளக்கொடி, அதற்கடுத்ததில் சத்தியவான் சாவித்திரி. நடிகருக்குப் பயணச் செலவு மிச்சம். மூன்று இரவு சேர்ந்து நடித்தால் பாடம் கூடும். பார்ப்பவர்க்கும் அந்தக் குரல்கள் பழகும். போன கம்பெனியை மீட்க முடியாது. அதன் சிறு வடிவத்தையாவது இப்படிக் கட்டலாம். இரண்டாவது நேரம். ஏழு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடிகிற ஐந்து மணி நேரப் பாடம் ஒன்றை மூத்த கலைஞர்களே வெட்டித் தொகுக்க வேண்டும். எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும். விடிய விடிய நடந்ததன் அழகு இதில் போய்விடும் என்று வருந்துகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் எட்டுப் பேர் பார்க்கும் முழு இரவைவிட எண்பது பேர் பார்க்கும் அரை இரவு மேல்.

மூன்றாவது எங்களுக்கு, அதாவது தமிழ்த்துறைகளுக்கு. சங்கப் பாடலின் பாடவேறுபாட்டுக்காக நாள்கணக்கில் வாதிடுகிறோம். நம் கண்முன் உயிரோடு பாடப்படுகிற ஒரு பனுவலின் பாடவேறுபாடுகளைக் குறித்துக்கொள்ள ஒரு மாணவனை அனுப்பினோமா? பின்பாட்டுக்காரர் ஒருவரைக் கல்லூரிக்கு அழைத்து, 'இந்தப் பாட்டுக்கு உங்கள் ஆசிரியர் சொல்லித்தந்த மெட்டு எது?' என்று கேட்டுப் பதிவு செய்திருக்கிறோமா? ஒரு கைப்பேசியும் ஒரு பிற்பகலும் போதும். அந்த வேலையை நானும் இருபதாண்டுகளாகச் செய்யவில்லை. 'தமிழ் நாடகத் தலைமையாசிரியர்' என்ற பட்டத்தை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கோடிட்டுக் காட்டினேன். என் மாணவனுக்கு வள்ளி திருமணம் விளங்காமற் போனதில் நடிகரின் பங்கைவிட என் பங்கு பெரிது.

*

அன்று திண்ணையில் நான் சொன்னது இவ்வளவே: "இந்த ஒரு வருசம் வச்சுப் பாருங்க. கதைய நான் எழுதித் தாறேன்." பெரியவர் உடனே தலையாட்டினார், பொருளாளர் கணக்கு நோட்டைப் பார்த்தார். கடைசியில் கச்சேரியும் இருக்கட்டும், நாடகம் பன்னிரண்டு மணி வரை நடக்கட்டும் என்று முடிவாயிற்று.

முன்காலத்தில் கொட்டகை வாசலில் பாட்டுப்புத்தகம் விற்பார்கள். அதை நினைத்துக்கொண்டு, எந்தக் காட்சியில் யார் எதற்காகப் பாடுகிறார், தர்க்கத்தில் வள்ளி எதை மறுக்கிறாள், கிழவனாக வருபவன் யார் என்பதையெல்லாம் எளிய தமிழில் ஒரே தாளில் எழுதி இருநூறு படிகள் எடுத்துக் கொடுத்தேன். கொடை இரவில் அதைப் பாதிப்பேர் மடித்து விசிறியாக்கிக்கொண்டார்கள். கூட்டம் பெருகி வழிந்தது என்று எழுத ஆசைதான், வழியவில்லை. பதினொரு மணிக்கு எண்ணிப் பார்த்தேன்: அறுபத்துச் சொச்சம் பேர்.

தர்க்கம் நடந்தபோது என் மாணவன் வேலியோரம் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றிருந்தான். கையில் அந்தத் தாள் இருந்தது. வள்ளியாக நடித்த அம்மா ஒரு கேள்வியைப் பாட்டில் வீசியதும் முருகனாக நின்றவர் சற்றுத் திணறினார். பின்பாட்டுக்காரர் ஆர்மோனியத்தில் முதலடியின் மெட்டை மெல்ல எடுத்துக்கொடுத்தார். அவர் பற்றிக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. மாணவன் என்னைப் பார்த்து, "இப்ப அவரு மாட்டிக்கிட்டாருல்லா சார்?" என்றான்.

விளங்கிவிட்டது. அடுத்த பங்குனிக்கு அழைப்பிதழ் திருத்த என்னை அழைப்பார்கள். அந்த வரி இருக்குமா என்று இப்போது சொல்ல முடியாது. அதற்குள் ஒரு பின்பாட்டுக்காரரையாவது கல்லூரிக்கு அழைத்து உட்காரவைத்துப் பாடச் சொல்லியிருக்க வேண்டும்.